கிமையோவின் இடுப்பு விஷயம்

கென்யாவில் ஓட்டக்காரர்கள் நிறைந்த எங்கள் இதேன் ஊரில் ஒருவரை நிறுத்திப் பேசுவது கஷ்டம். வணக்கம் சொல்லி அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறப்பதற்குள் அவர் எதிர் மேட்டில் ஓடிக்கொண்டிருப்பார். ஓட்டக்காரர் முகாமில் இருபது வருடமாக உடம்பு பிடித்துவிடுபவன் நான். முகாம் கமிட்டியார் கேட்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

முகாமில் ஓடும் பையன் கிமையோவுக்கு இடுப்பு வலி. தினமும் நாற்பது நிமிடம் என் மேஜையில் குப்புறப் படுப்பான். எண்ணெய் தேய்த்தபடியே, என் தாய்மாமன் நெருப்புக்கோழியோடு பந்தயம் ஓடிய கதையைச் சொல்வேன்.

"பெரியவரே, போன வாரம் கோழி தோத்துச்சு. இன்னைக்கு ஜெயிக்குதே?"

"இது அதோட தங்கச்சிப்பா. படு."

அப்போதுதான் சேரோப் என்ற பிசியோதெரபிப் பெண் முகாமுக்கு வந்தாள். "பிடிச்சுவிட்டா வலி அடங்கும், அவ்வளவுதான். வயிறும் முதுகும் வலுவானாத்தான் வலி திரும்ப வராது" என்றாள். முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி, உடம்பைப் பலகை போல நிறுத்தச் சொன்னாள். ஆறு வாரம் செய்தால் எல்டோரெட் நகரத்தில் நடக்கும் தகுதி ஓட்டத்துக்கு அவன் தயாராம். என் மேஜை வாரத்துக்கு ஒரு நாள் போதுமாம்.

அசையாமல் கிடந்தால் காலுக்கு ஓட்டம் மறந்துவிடும் என்று அவனிடம் சொன்னேன். எங்கள் ஊரில் ஒரு நாள் ஓடாமல் இருக்கவே பயப்படுவார்கள். நம்புவான் என்று நினைத்தேன். கூட ஓடுபவர்களும், "டேய், பலகைக்கு மெடல் தர்றாங்களாடா?" என்று கேலி செய்தார்கள். அவன் அறையைச் சாத்திக்கொண்டு செய்தான். ஐந்தாவது வாரம் மேட்டில் வலியில்லாமல் ஓடினான். மேஜையிலிருந்து பத்தே நிமிடத்தில் எழுந்துவிட்டான். கதையில் கோழி அப்போதுதான் கிளம்பியிருந்தது.

ஓட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, எல்லோரும் பயிற்சிக்குப் போயிருந்தபோது, அவன் கட்டிலின் நடுப்பலகை இரண்டைக் கழற்றினேன். மெத்தை பள்ளமானது. பலகைகளை அடுப்பில் வைத்தேன். நல்ல மரம், தேநீர் சீக்கிரம் கொதித்தது.

ஓட்டத்தன்று காலை அவனால் குனிந்து ஷூ நாடாவைக் கட்ட முடியவில்லை. பஸ் அவனை விட்டுவிட்டுப் போனது. என் மேஜையில் முகத்தைப் புதைத்து அழுதான். அன்று கதையை முழுதாகச் சொன்னேன், இரண்டு மணி நேரம்.

கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தவள் சேரோப். ஆமாம், நான்தான் செய்தேன்.

கிமையோ என்னைத் திட்டவில்லை. "இனிமே என்னைத் தொடாதீங்க பெரியவரே" என்றான், அவ்வளவுதான். நான் தொடவில்லை. இப்போது தினமும் வேலியோரம் முழங்கை ஊன்றிப் பல்லைக் கடித்தபடி மூன்று நிமிடம் நிற்கிறான். அந்த நிலையில் பேசவும் முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டுக் கோழிக் கதையைச் சொல்கிறேன். பாவம், பிள்ளைக்கு நேரம் போக வேண்டாமா?