வண்டலோடு ஐந்து நாள்

ஷார்டனே திராட்சையை நான் கண்ணால் பார்த்ததில்லை சார். இதே ஹோட்டலில் ஏழு வருஷமாக அந்த ஒயினை ஊற்றிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் அது எப்படி உண்டாகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அறுபது வயதுக் கொடியில் குலை கொஞ்சமாகத்தான் பிடிக்கும். அந்தக் கொஞ்சத்தில்தான் சாரம். பிழிந்த சாறு மரப்பீப்பாயில் நொதிக்கும். செத்த ஈஸ்ட் அடியில் வண்டலாகத் தங்கும். அதை எடுத்துவிடாமல் மாதக்கணக்கில் கலக்கிக் கலக்கி வைப்பார்கள். பச்சை ஆப்பிள் புளிப்பு மெல்ல வெண்ணெயாக மாறும். அவசரப்பட்டுத் திறந்தால் வீண்.

இதையெல்லாம் நானும், என்னோடு வேலை பார்த்து ஒரே அறையில் தங்கும் ராதிகாவும் அஜ்மானிலிருந்து துபாய்க்கு வரும் பஸ்ஸில் ஒப்பித்துக்கொண்டே வருவோம். ஒயின் பிரிவில் ஒரே ஓர் இடம் காலி. வியாழக்கிழமை தேர்வு. லேபிளை மறைத்து ஊற்றுவார்கள்; என்ன திராட்சை, எப்படிச் செய்தது என்று எழுத வேண்டும். நான் படித்து எழுதுகிறவள். ராதிகாவுக்கு மூக்கே போதும். வேலை முடிந்ததும் கோப்பையில் மிஞ்சிய ஷார்டனேயை என்னிடம் நீட்டுவாள்.

"அருணாக்கா, மோந்து பாரேன். எங்க பண்ருட்டியில முந்திரிக்கொட்டை வறுக்கிற வாசம்."

"எனக்கு ஸ்பிரிட் வாசந்தாண்டி வருது."

"உனக்கு மூக்குத்தி குத்தத்தான் மூக்கு," என்று சிரிப்பாள். நான் கோபித்துக்கொண்டதில்லை.

சனிக்கிழமை அவள் அண்ணன் விஜயபாஸ்கர் எனக்குப் போன் செய்தார். இங்கே சாவுச் செய்தி அறையில் கூட இருப்பவருக்குத்தான் முதலில் வரும். பக்குவமாகச் சொல்லி விமானம் ஏற்றிவிட வேண்டும். அதுதான் வழக்கம்.

"அம்மா போயிட்டாங்கம்மா. அவ ஒடஞ்சிருவா. நீயே பாத்து சொல்லி அனுப்பி வையி."

தேர்வுக்கு ஐந்து நாள் இருந்தது. அழுகிற மூக்குக்கு எந்த வாசனையும் தெரியாது. அவள் நன்மைக்காகத்தான் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்து நானே அவரைக் கூப்பிட்டேன்.

"சொல்லிட்டேண்ணே. லீவு மாஃபி, கிடையாதுன்னுட்டாங்க. நீங்க எடுத்துருங்க. அவ பேசுற நிலையில இல்ல, கூப்பிடாதீங்க. நானே பேசச் சொல்றேன்."

ராதிகா வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்குப் பேசுவாள். ஐந்து நாளும் நானே சமைத்துப் போட்டேன். மூக்கு கெட்டுவிடக் கூடாது என்று தாளிக்கக்கூட இல்லை.

"இந்த எடம் கெடச்சா அம்மாவ விசிட் விசாவுல கூட்டிட்டு வந்துருவேன்க்கா," என்றாள் ஒரு நாள். நல்லது என்றேன்.

வியாழன் காலை தேர்வு அறை வாசலில் நின்றோம். உள்ளே ஆறு கோப்பைகள் ஊற்றி வைத்துவிட்டார்கள். ஒரு பெண்ணிடம் தாயின் சாவை மறைப்பது பாவம் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கதவு திறக்க இரண்டு நிமிஷம் இருந்தது. சொல்லிவிட்டேன். சனிக்கிழமையே எடுத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்து.

அவளும் உள்ளே வந்து உட்கார்ந்தாள். அழுகிற மூக்கைப் பற்றிச் சொன்னேனே, அது தவறு. நாலாவது கோப்பையை முகர்ந்ததும், "எங்க ஊரு வாசம்," என்று முனகினாள். பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு அதில் ஸ்பிரிட் வாசம்தான் வந்தது. பழைய கொடி ஷார்டனே, பீப்பாயில் வண்டலோடு வைத்தது என்று எழுதினேன். சரியாக இருந்தது. இடம் எனக்குக் கிடைத்தது.

ஏன் மறைத்தாய் என்று இந்த விசாரணையில் கேட்கிறீர்கள். அவளுக்கு அதைச் சொன்னதே நான் ஒருத்திதான் சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.