இரவல் மீட்டர்

— கார் புகைக்குழாயோட வால்பக்கத்துல ஓட்டை போடச் சொல்றீங்களே விஸ்வலிங்கம் சார், வீட்டுல சாம்பார் கொதிக்குதான்னு மாடிக்குக் கீழ நின்னா மோந்து பாப்பீங்க?

— அல்போன்சம்மா, இந்த ஆக்ஸிஜன் சென்சரும் அதின்ர மீட்டரும் எங்கட கல்லூரி ஆய்வுகூடத்துச் சாமான். திங்கட்கிழமை திருப்பிக் குடுக்கவேணும். கைநூலை நான் வாசிச்சனான். நீங்கள் வாசிக்கேல்லை.

— வாசிக்கல. டர்போவுக்குக் கீழ, புகைக்குழாயோட மேல்முகத்துல நட்டு வச்சு வெல்டிங் பண்ணிட்டேன். அடிப்பக்கம் வச்சா தண்ணி நின்னு சென்சர் வெடிச்சிரும். அது நூல்ல இருக்கா?

— இருக்கு. பக்கம் ஒன்பது.

— அப்ப நூலு எழுதுனவரும் என் ஒர்க்‌ஷாப்புல வேல பாத்திருப்பாரு லா.

— பகிடியை விடுங்கோ. ரெண்டு தரம் பிஸ்டன் உருகிப்போச்சு. முதல் தரம் கார் செய்த கம்பனியின்ர பிழை எண்டு நினைச்சன். ரெண்டாந்தரம் உருகினது நீங்கள் பூட்டின பிஸ்டன்.

— பெட்ரோல் பம்ப மாத்தணும்னு அன்னைக்கே சொன்னேன். டர்போ முழுசா ஊதுனா அந்த பம்பு பத்தாது.

— நான் அறுபதுக்கு மேல போறதில்லை எண்டு நானும் அண்டைக்கே சொன்னனான். பொம்பிளை நடத்துற கடையில வேற என்ன புத்தி கிடைக்கும்.

— அறுபதுல போறவரு எதுக்கு சார் டர்போ வாங்குனீங்க?

— பின்னுக்கு டர்போ எண்டு பெரிசா எழுதியிருக்கு. அதுக்குத்தான் இவர் வாங்கினவர்.

— குணம், பெண்சாதியைக் கதைக்கவோ கூட்டிக்கொண்டு வந்தனான்? சாட்சிக் கையெழுத்துக்கு.

— என்ன சாட்சி சார்?

— புகார்க் கடிதம். டைப் அடிச்சுக் கொண்டுவந்திருக்கிறன். மீட்டரில பெட்ரோல் அளவு சரியெண்டு வந்தால் பிழை உங்கட கைவேலையில. உங்களிட்டை வேலை தாற டாக்ஸிக் கம்பனிக்கு ஒரு பிரதி. உங்கட சேர்ச் பாதருக்கு ஒரு பிரதி.

— டாக்ஸி வேல போனா கடைய மூடணும். என் வீட்டுக்காரர் செத்தப்புறம் பதினோரு வருசமா புக்கிட் மேராவுல இந்தக் கதவ நாந்தான் தெறக்குறேன். உள்ள நாலு பேரு வேல பாக்குறாங்க. பாதருக்கு எதுக்கு? அவரு ஸ்கூட்டரும் நாந்தான் பாக்குறேன்.

— அப்ப அவரும் கவனமா இருக்கட்டும்.

— ஏறுங்க. குணவதியம்மா, பின்னால உக்காருங்க. மீட்டர் என் மடியில இருக்கட்டும். சுருக்கா போயிட்டு வரணும் சார். நம்ம பெட்ரோல்ல ஈயம். ரொம்ப நேரம் அந்தப் புகையில கெடந்தா சென்சர் செத்துரும். பாத்ததும் கழட்டி, ஓட்டையில ஒரு போல்ட்ட முடுக்கிரலாம்.

— பக்டரியள் இருக்கிற துவாஸ் பக்கம் போவம். ஞாயிற்றுக்கிழமை, சனம் இராது.

— இப்படியே போனா துவாஸ் போறதுக்குள்ள திங்கக்கிழம வந்துரும். புது எம்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டே போறவங்க நம்மள முந்துறாங்க.

— நம்பர் என்ன?

— பதினாலு புள்ளி ஏழு.

— ஒரு பங்கு பெட்ரோலுக்கு அவ்வளவு பங்கு காத்து. சரியான அளவு. கைநூலில இருக்கு.

— மெதுவா போறப்ப அது சரி. டர்போ ஊதுறப்ப பன்னண்டுக்கு எறங்கணும். எறங்கலன்னா பெட்ரோல் பத்தல, பிஸ்டன் உருகுது. துவாஸ் வந்தாச்சு, நேர் ரோடு. ஒரே ஒரு தடவ அடிவரைக்கும் மிதிங்க.

— ஏன் மிதிக்க? என்ர கார் எப்பிடி ஓடுதோ அதைத்தான் மீட்டர் பார்க்கவேணும். நீங்கள் சொன்னபடி ஓட்டி உடைச்சுப்போட்டு, பேந்து என்ர தலையில போடவோ?

— அப்ப நான் ஓட்டுறேன்.

— அந்தக் கிரீஸ் கையோடையோ?

— சார், நீங்க மிதிக்கிற மிதிக்கு மெழுகுவத்திய வெட்டி பிஸ்டனா வச்சாலும் உருகாது.

— அப்பிடி வாங்கோ வழிக்கு. நான் ஓட்டினால் உருகாது எண்டு நீங்களே சொல்லிப்போட்டியள். ஆனா உருகினது. அப்ப பிழை பூட்டினவவின்ர. இதிலையே ஓரங்கட்டுறன். குணம், இந்தாரும் பேனை.

— சார், ஒரு தடவ மிதிச்சுக் காட்டிட்டு அப்புறம் எந்தக் கடுதாசிய வேணா போடுங்க. நானே ஸ்டாம்ப் ஒட்டித் தரேன்.

— காட்ட ஒண்டும் இல்லை. என்னைவிட்டால் இந்தக் காரைத் தொடுறது இவ ஒராள்தான். அதுவும் வெள்ளிக்கிழமையில, ஊரின்ர மற்றக் கரையில இருக்கிற காத்தோங் பிள்ளையாரிட்டைப் போய்வர. குணம், என்ன பார்த்துக்கொண்டு இருக்கிறீர்? அந்தக் கடைசிக் கோட்டில வையும்.

— ஏலாது.

— என்ன ஏலாது?

— நாலு பேற்றை சோத்தில மண் போட ஏலாது. நீங்கள் இறங்கிப் பின்னுக்கு வாங்கோ, நான் ஓட்டுறன். அல்போன்சம்மா, நம்பரை விடாமல் பாருங்கோ. மூண்டாம் கியரில நூற்றிமுப்பது தாண்டி, அங்க தெரியிற நாலாவது விளக்குக் கம்பத்தடிக்கு வரேக்கைதான், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இஞ்சின் தட்டத் தொடங்கிறது.