இன்னும் ஒரே ஒரு வெயில்

— இப்படிப் பக்கத்துல வந்து உக்காருடா தம்பி. உனக்கு ஒரு கதை சொல்றேன்.

— கதை கேக்கற நேரமா அக்கா இது? உன் திராட்சை பிழியற மெஷினைக் கழட்டி மாட்டியே பாதி நாள் போச்சு. வானத்தைப் பாரு, எப்படிக் கறுத்துக்கிட்டு வருது! சாயந்தரம் கொட்டப் போகுது. நான் என் மேட்டுத் தோட்டத்துக்குப் போகணும்.

— போய்? திராட்சையை வெட்டப் போறியா?

— வெட்டறதா! ஒரு பழத்தை வாயில போட்டுப் பாக்கத்தான். இன்னும் ஒரே ஒரு வெயில் கிடைச்சா போதும், தேனா இனிக்கும்.

— போன வருஷமும் இதையேதான் சொன்னே. வெயிலா வந்துச்சு? மழை வந்துச்சு. பழமெல்லாம் வெடிச்சு, பூஞ்சை பிடிச்சு, உன் ஒயின் பீப்பாய் எல்லாம் காலியாக் கிடந்துச்சு. உன் பொண்டாட்டி என்கிட்ட வந்து அழுதது உனக்குத் தெரியாது.

— அழுதாளா? என்கிட்ட சிரிச்சுக்கிட்டுதானே இருந்தா?

— உன் மூஞ்சியைப் பாத்தா யாருக்குத்தான் சிரிப்பு வராது? சரி, கதையைக் கேளு. ஒரு ஊர்ல ஒரு பிடிவாதக்காரன் இருந்தானாம்…

— அவனுக்கு வாயாடி அக்கா ஒருத்தி இருந்தாளாம். தெரியும், விடு! ஆமா, வெளியில என்ன கூடை கூடையா இறக்கறாங்க? நீ வெட்ட ஆரம்பிச்சிட்டியா?

— இந்தா, ஒரு கொத்து. தின்னு பாத்துட்டுச் சொல்லு.

— ம்ம்… அடியாத்தி! அக்கா, இது எப்படி? உன் பள்ளத்துத் தோட்டத்துல பனிமூட்டம் விலகவே மத்தியானம் ஆகுமே. என்னோடதுக்கு முன்னாடி உன்னோடது எப்படிப் பழுத்துச்சு?

— வயித்தெரிச்சலை அப்புறம் வச்சுக்கோ. ஒயினுக்கு இது போதுமா, இன்னும் ஒரு வெயில் வேணுமா?

— இதுக்கு மேல வெயிலா? உனக்கென்ன பைத்தியமா! கொட்டைகூட முத்திப் பழுப்பாயிருச்சு. இனிப்பும் இருக்கு, அளவாப் புளிப்பும் நிக்குது. இதைப் போய் மழைக்குக் கொடுக்கறவனைவிட முட்டாள் உலகத்துலயே கிடையாது.

— அப்பாடா, உன் வாயாலயே வந்துருச்சு. என் தோட்டத்துக் காய் இன்னும் பல்லைக் கூச வைக்குதுடா. இந்த மழையைத் தாங்கிக்கும், அடுத்த வெயில்ல பழுக்கும்.

— அப்ப… இது?

— உன் பொண்டாட்டியும் என் ஆளுங்களும் விடியறதுல இருந்து உன் மேட்டுலதான் வெட்டிக்கிட்டு நிக்கறாங்க. கடைசி வரிசைதான் பாக்கி, ஓடிப் போய் ஒரு கை கொடு. உன் வீட்டுப் பீப்பாய் எல்லாம் நிரம்பி வழியட்டும், என் ராசா!