ஹெட்போன்ல பேசுற வெள்ளைக்காரம்மா

ஐயோ, அது சண்டை இல்லக்கா, பாடம். உள்ள கத்துறவங்க மாணவங்களும் இல்ல, இந்த இங்கிலீஷ் சென்டரோட வாத்தியாருங்க. பையனைச் சேர்க்கத்தானே வந்தீங்க? மேனேஜர் வர்ற வரைக்கும் இப்படி உட்காருங்க, கண்ணாடி வழியா நல்லாத் தெரியும்.

இப்ப பசங்க எந்தெந்த நாட்டுல இருந்தோ வீடியோவுல படிக்கிறாங்களாம். அதனால மேனேஜர் ஒருநாள் வாத்தியாருங்க எல்லாரையும் நிக்க வெச்சு, மூக்கால, உலகமே மாறிடுச்சு சார், உங்க வாயி மாறலையேன்னாரு. நான் இப்பப் பேசிக் காட்டினது அப்படியே அவர் குரல்தான்க்கா. த்தூ. அந்தாளு இங்கிலீஷ்ல ஒரு வரி பேசினா கேக்கறவன் காதைக் கழுவணும்.

ஹெட்போன்ல ஒரு வெள்ளைக்காரம்மா பேசும். அதே மாதிரி வாத்தியார் திருப்பிச் சொல்லணும். கம்ப்யூட்டர் மார்க் போடும். இன்னிக்கும் ஃபெயிலானா வேலை காலி.

இலக்கணமா? அதை யாருக்கா கேட்டா. ஜன்னலோரம் நீலச் சட்டையைப் பாருங்க. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி வாயைக் கோணிக்கிட்டு. அவர்கிட்ட படிச்சவங்க எங்கெங்கயோ போய் வேலை பாக்குறாங்க. அவங்க பேசினா அங்க எல்லாருக்கும் புரியுது. இந்தப் பொட்டிக்கு மட்டும் புரியலையாம், ரெண்டு தடவை ஃபெயில். குமட்டுதுக்கா.

நானா? அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். ஆமா, எங்கப்பா.

வீட்லயும் இதே கூத்துதான். பல்லு விளக்கும்போதும் காதுல அந்தக் குரல். நான் வாயைத் தொறந்தா, அந்தம்மா என்ன அழகாப் பேசுறாங்க, நீயும்தான் இருக்கியே, எப்பப் பாத்தாலும் குரங்குச் சேட்டைம்பாரு.

அந்தம்மா எந்த நாடுன்னா கேக்குறீங்க? போன லீவுல இதே பெஞ்சுல உட்கார்ந்து, வெள்ளைக்காரி மாதிரி பேசிக் காட்டிக்கிட்டிருந்தேன். மேனேஜர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, மைக் முன்னாடி உட்கார வெச்சு, இதெல்லாம் அதே குரல்ல படி பாப்பான்னாரு. படிச்சேன். சும்மா விளையாட்டுக்குன்னு நெனச்சேன்.

மெதுவாக்கா. அப்பா இந்தப் பக்கம் பாக்குறாரு. கையைக் காட்டுறாரு பாருங்க, என்னை வாயை மூடச் சொல்றாரு. அந்தம்மா பேசுறது கேக்கலையாம்.