இரண்டாவது தட்டு

"ஹலோ... அமதேவு? அக்கா பேசுறேன்டா. வெச்சிடாத... கொஞ்சம் இரு, கருவாட்டுத் தண்ணிய ஊத்திட்டு வந்துடறேன்... ம், இப்ப சொல்லு. கிளம்பிட்டியா?"

தேயோலிந்தா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போனைக் காதோடு அழுத்தினாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பிற்பகல். தம்பி இருப்பது எல்லைக்கு அந்தப் பக்கம், ஸ்பெயினின் ஸமோரா நகரத்தில். இந்தப் பக்கம், போர்ச்சுக்கல் மலையோர வீட்டின் உள்ளறையில், அவர்களுடைய அப்பா ஸெஃபெரினோ ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இறைத்துக்கொண்டிருந்தார்.

"...ஆமா, ஆமா. உங்க ஊர்ல ஜனவரி ஆறாந்தேதிதான் பெருசு, தெரியும். குழந்தை ஏசுவைப் பாக்கப் போன மூணு ராஜாக்கள் ஊர்வலம் வரணும், மிட்டாய் எறியணும். பிள்ளைங்க ஜன்னல்ல ஷூவை வெச்சு, ஒட்டகத்துக்குத் தண்ணி வெக்கணும்... குறை சொல்லலைடா. நல்ல பண்டிகைதான். இங்க எங்களுக்கு இன்னிக்கு ராத்திரிதானே? கருவாடு, கோஸு, உருளைக்கிழங்கு, எல்லாரும் ஒரே மேஜையில... ஆறாந்தேதி வர்றேங்கிற. அப்பாவுக்கு ஆறாந்தேதி கிடையாதுடா."

மறுமுனையில் தம்பி சொன்னதைக் கேட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"...எந்தத் தட்டு?... ஓ. போன வருஷ போட்டோ."

அந்த ஊரில் கிறிஸ்துமஸ் இரவு விருந்தில், செத்துப்போன வீட்டு மனிதர்களுக்கு ஒரு தட்டு வைப்பார்கள். அம்மா போனதிலிருந்து அவளுக்கு ஒன்று. போன வருஷம் இரண்டு காலித் தட்டுகள் இருந்தன. உன் இடம் அப்படியேதான் இருக்கிறது என்று காட்டத்தான் தேயோலிந்தா படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினாள். அவன் அதை எப்படிப் படிப்பான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அன்பு அவசரப்பட்டால் இப்படித்தான், கண்ணை மூடிக்கொண்டு ஓடும்.

"...உன்னைச் செத்தவன்னு யாருடா சொன்னா?... இல்லடா, கேளு. உன் தட்டை அப்பாவே எடுத்து வெச்சாரு. தனக்குப் பக்கத்துல. உயிரோட இருக்கிறவன் வரலைன்னா என்ன வெக்கணும்னு இந்த ஊர்ல ஒரு முறை இல்லையே. அவரு என்ன பண்ணுவாரு?... ஆமா. உங்க பக்கம் ராஜா, ஒட்டகம்னு வரப்போறவங்களுக்கு எடுத்து வெக்கிறாங்க. எங்க பக்கம் வரவே முடியாதவங்களுக்கு வெக்கிறோம். அதான் வித்தியாசம். வேற ஒண்ணும் இல்ல."

அவன் பழைய காயத்துக்கு வந்துவிட்டான். அவனுடைய கல்யாண விருந்தில் அப்பா கோப்பையைத் தூக்கிக்கொண்டு, ஸ்பெயினிலிருந்து நல்ல காற்றும் வராது, நல்ல சம்பந்தமும் வராது என்ற பழமொழியைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மணப்பெண் நியேவெஸ் சிரிக்கவில்லை.

"...தப்புதான். இன்னிக்கும் தப்புதான். ஆனா ஒண்ணு, நியேவெஸ் பின்னி அனுப்புன கம்பளிக் காலுறையத்தான் போட்டிருக்காரு. துவைக்கக்கூட கழட்ட விடமாட்டேங்கிறாரு, நாத்தம் தாங்கல. இத அவகிட்ட சொல்லு... அழறாளா?... போனை அவகிட்ட குடேன்... சரி, வேண்டாம்."

ராஜாக்கள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள், மாதா கதவை மூடவில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவன் மாமனார் வீட்டு விருந்தைக் காரணம் சொன்னான். மலைப்பாதையின் பனியைச் சொன்னான். அப்புறம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தான்.

"...அந்தத் தட்டையா?... இந்த வருஷமும் ஏற்கெனவே வெச்சுட்டேனேடா... சரி. சரி, எடுத்துடறேன். நீ கேட்டா எடுக்காம என்ன. இதோ..."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவள் தட்டைத் தூக்கினாள். தட்டு அம்மாவின் தட்டில் இடித்துக் கணீரென்றது. உள்ளறையில் மூச்சுச் சத்தம் ஒரு கணம் நின்றது. பல நாளாகப் பேசாத குரல், கரகரத்துக்கொண்டு, பையன் உட்கார்ந்துவிட்டானா என்று கேட்டது.

"அமதேவு... கேட்டுச்சா? அப்பாதான்டா. தட்டுச் சத்தத்தைக் கேட்டு நீ வந்துட்டேன்னு நினைச்சுட்டாரு... நான் என்னடா சொல்லட்டும்? நீயே சொல்லேன், போனை அவர் காதுல வெக்கிறேன்... ஹலோ... அமதேவு... ஹலோ..."

அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

தேயோலிந்தா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். தட்டை மறுபடியும் அப்பாவின் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள், இந்த முறை நன்றாகச் சத்தம் கேட்கும்படி. செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளறைப் பக்கம் திரும்பினாள்.

"சரிடா தம்பி... எல்லை தாண்டிட்டியா, நல்லது... ரோட்ல பனி இருக்கும். மெதுவா வா. அப்பா முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு."