தகரம் கழட்டின மரம்

மனுஷனுக்கு ஒரு பொழுதுபோக்கு வேணும் சாமி. இல்லாட்டி ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கள்ளுக்கடைதான் கதின்னு எங்க அகதா சொல்லுவா. நான் குடிக்கறவன் இல்ல. ரப்பர் தோட்டத்துல கணக்கு எழுதற கிராணி, பிள்ளைகுட்டிக்காரன். பாவசங்கீர்த்தனத்துல பாவம்னு சொல்றதுக்கு எங்கிட்ட வழக்கமா பெருசா ஒன்னும் இருக்காது, உங்களுக்கே தெரியும். இன்னைக்கு என் பொழுதுபோக்கைப் பத்திச் சொல்லணும். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

போன வருஷம் எங்க தொரை ஒரு மிஷினு வாங்கினார். ஜப்பான் சண்டை முடிஞ்சு பட்டாளத்துல கழிச்சுப் போட்ட சாமான், கண்ணிவெடி தேடறது. நீளமா ஒரு கம்பு, நுனியில தட்டு, முதுகுல பேட்டரிப் பெட்டி, காதுல மாட்டிக்க ரெண்டு மூடி. கிட்டத்துல இரும்பு, தகரம் எது இருந்தாலும் காதுல ஙொய்ன்னு கத்தும். தொரைக்கு அது சீக்கிரமே அலுத்துப் போச்சு. "காப்ரியல், நீ வச்சுக்கோ"ன்னுட்டார்.

முதல் நாள் பட்ட கூத்தை நெனச்சா இப்பவும் சிரிப்பு வருது. நேரா ரப்பர் காட்டுக்குள்ள போயிட்டேன். முதல் மரத்தடியில ஙொய். அடிச்சுப் பிடிச்சுத் தோண்டினா வேருதான் வருது. அடுத்த மரத்துலயும் ஙொய். பால்வெட்டற முருகையா வாளியோட அந்தப் பக்கம் வந்தவன், "என்ன கிராணியாரே, மரவள்ளி நடப்போறீங்களா?"ன்னு கேட்டுட்டுப் போனான். அப்புறம்தான் நிமிர்ந்து பார்க்கறேன், மரத்துக்கு மரம் பால் வடியறதுக்குத் தகரம் அடிச்சிருக்கு, பால் பிடிக்கற மங்கு நிக்கக் கம்பி கட்டியிருக்கு. கத்தாம என்ன செய்யும். ரப்பர் காட்டுல அந்த மிஷினை வச்சுக்கிட்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கணும்னா தகரத்தைக் கழட்டிட்டுப் பார்க்கணும். இதை ஞாபகம் வச்சுக்குங்க சாமி.

அதுக்கப்புறம் தோட்டத்து ஜனங்க குடியிருக்கற லயத்துப் பக்கம், பந்து விளையாடற தெடல்னு சுத்தினேன். ஆணி, சார்டின் டின்னு, ராசா தலை போட்ட காசு கெடச்சுது. ஜப்பான்காரனுக்குப் பயந்து காளியம்மா பொதைச்சு வச்சிட்டு எடம் மறந்துபோன வெள்ளிக் கொலுசும் ஒரு நாள் கெடச்சுது. அவ அழுதுக்கிட்டே ஒரு கோழியைக் கொண்டாந்து கொடுத்தா. கிராணியாருக்குக் கைராசின்னு லயமே பேசிச்சு. எனக்கும் பெருமையாத்தான் இருந்திச்சு, மறைக்கல.

ஒரு சாயந்திரம் என் வீட்டுப் பின்னால பப்பாளி மரத்தடியில கத்திச்சு. பப்பாளிக்கு யாரு தகரம் அடிச்சா? தோண்டினேன். ஒரு பிஸ்கட் டின்னு. உள்ள எண்ணெய்த் துணியில சுத்தி ஒரு கைத்துப்பாக்கி, தோட்டாக்கள். எனக்கு முந்தி அந்த வீட்ல இருந்த கிராணியோடதா இருக்கணும். அவரைக் கேக்கலாம்னா, ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர் திரும்பி வரல.

பயம்னா என்னன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது சாமி. கம்யூனிஸ்ட்டுக்கும் சர்க்காருக்கும் சண்டை நடக்கற இந்த அவசரகாலத்துல கையில துப்பாக்கி இருந்தா தூக்குதான். தொரைகிட்டச் சொல்லலாம், ஆனா அவர் நம்பணுமே. உலு யாம் பக்கம் ஒருத்தன் ஒத்தைத் தோட்டாவை எடுத்துக்கிட்டுத் தானே ஸ்டேஷனுக்குப் போனான்னு சொன்னாங்க, இன்னும் வீடு வந்து சேரல. ஆத்துல போடலாம்னா தோட்டத்தைச் சுத்திப் போட்டிருக்கற வேலியைத் தாண்டணும். கேட்டுல போலீஸ் சோத்துச் சட்டியைக்கூடத் தொறந்து பார்க்கறான், காட்டுல இருக்கற கம்யூனிஸ்ட்டுக்கு அரிசி போகுதான்னு.

டின்னு கையில இருக்கறப்பவே முருகையா அந்தப் பக்கம் வந்துட்டான். "பொதையலா கிராணியாரே? எங்களுக்கும் பங்கு கொடுங்க லா." வெறும் பிஸ்கட் டின்னுப்பான்னு சிரிச்சேன். அவனும் சிரிச்சுட்டுப் போனான். டின்னை அதே குழியில போட்டு மூடினேன், ஆனா அந்தச் சிரிப்பு என்னைத் தூங்க விடல.

ஈஜோக் ரோட்டுல கம்யூனிஸ்ட்டுங்க ஒரு லோரியைச் சுட்டப்புறம், பட்டாளம் வந்து தோட்டத்தையே சோதிக்கப் போகுதுன்னு தொரை சொன்னார். என் வீட்டுப் பின்னாடியும் மிஷினை வைப்பான். மழை பெஞ்சா பால்வெட்டு கிடையாது, காட்டுல ஒரு ஆள் இருக்காது. அப்படி ஒரு மழைப் பகல்ல டின்னைக் கொண்டுபோய் ஒரு ரப்பர் மரத்தடியில பொதைச்சேன். எல்லா மரமும்தான் கத்துது, எவன் தோண்டுவான்? அது முருகையாவோட நெரை, அவன் பால்வெட்டற மர வரிசை. ஆளுக்கொரு நெரை, அதுல உள்ள மரமெல்லாம் அந்த ஆளு பொறுப்பு. கிட்ட இருந்திச்சு, பொதைச்சேன். அவ்வளவுதான்.

அவ்வளவுதான்னு சொல்லக்கூடாது. என் வீட்டுக்குக் கிட்டத்துல வேற நெரையும் இருக்கு.

சிப்பாய்ங்க வந்தாங்க. அவங்கவங்க நெரையில போய் நில்லுங்கன்னு ஜனங்களை நிறுத்தினாங்க. எனக்கு மிஷினு பழக்கம்னு தொரை என்னையும் கூட அனுப்பிட்டார். முதல் மரம் கத்தினதும் பையன்கள் மண்டியிட்டுத் தோண்டினாங்க, நான் பண்ணின அதே கூத்து. அப்புறம் அலுத்துப்போய்ச் சும்மா தட்டை ஆட்டிக்கிட்டே நடந்தாங்க. அந்த மரத்தையும் தாண்டிட்டாங்க. கோர்ட்டுல சிப்பாய்ங்க கண்டுபிடிச்சாங்கன்னுதான் சொன்னேன். அவங்க கண்டுபிடிக்கல சாமி. தாண்டிட்டாங்க. அதோட முடிஞ்சிருக்கும்.

கூட வந்த தமிழ்ப் போலீஸ்காரர்கிட்ட முருகையா பெருமையாப் பேச ஆரம்பிச்சான். "இதுல எங்க கிராணியார்தான் கெட்டி. அன்னைக்குக்கூட அவர் வீட்டுப் பின்னால ஒரு டின்னு..." போலீஸ்காரர் தலையைத் திருப்பினார். "என்ன டின்னு?"

என் வாய் தானாத் தொறந்துச்சு. "சார், இந்த மரம் மட்டும் கொஞ்சம் சத்தமாக் கத்துது. தகரத்தையும் கம்பியையும் கழட்டிட்டு இன்னொரு தடவை வச்சுப் பாருங்க"ன்னேன்.

கழட்டினாங்க. கத்திச்சு.

முருகையா என்னைப் பார்த்தான். கோவமா இல்ல, ஏதோ தப்பு நடந்துபோச்சு, கிராணியார் இப்பச் சொல்லிச் சரிபண்ணிடுவார்ங்கற மாதிரி பார்த்தான். கோர்ட்டுலயும் அந்த டின்னு கதையைச் சொன்னான். மாட்டிக்கிட்டவன் அடுத்தவன் மேல போடறான்னுட்டாங்க. நான் வேதபுஸ்தகத்துல கை வச்சு, டின்னையே பார்த்ததில்லைன்னேன். தூக்குன்னு தீர்ப்பாச்சு. நாள் இன்னும் குறிக்கல.

நீங்க சொல்றது கேக்குது சாமி. உசுரோடதான் இருக்கான், இப்பவே போய்ச் சொன்னா காப்பாத்திடலாம். நானும் யோசிக்காம இல்ல. ஆனா அகதா இருக்கா, பிள்ளைங்க இருக்காங்க. நான் அவனை ஒரு அடி அடிச்சதில்ல, ஒரு சொல்லு வஞ்சதில்ல. மிஷினுதான் கத்திச்சு.

இப்ப எனக்கு ஒரே பயம்தான். தீர்ப்பானதுலேருந்து நான் பூசையில கொடுக்கற திவ்விய நன்மை அப்பம் வாங்கல. அகதா கவனிக்கறா. கிராணியார் ஏன் பந்திக்கு வரலன்னு நாளைக்கு மத்தவங்களும் கேப்பாங்க. பாவமன்னிப்புக் கொடுத்துட்டீங்கன்னா இன்னைக்கு எல்லாரோடயும் போய் முழங்கால்ல நின்னுடுவேன்.

இன்னொரு விஷயம். நம்ம கோயில் வாசல்ல முருகையாவோட சம்சாரம் வள்ளியம்மா நிக்கறா. நான்தான் கூட்டிட்டு வந்தேன். இந்துதான், இருந்தாலும் புருஷனுக்காக ஒரு பூசை வைக்கணும்ங்கறா. நீங்க வெளிய போனதும் காலைப் பிடிச்சுக்கிட்டு, என் புருஷன் ஒன்னும் அறியாதவன்னு அழுவா. கிராணியார்தான் எங்களுக்குத் துணைன்னும் சொல்லுவா. அவளுக்கு ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லுங்க சாமி, ஆனா இங்க கேட்டதை மட்டும் சொல்ல முடியாது. கழுத்தை அறுத்தாலும் குருவானவர் சொல்லக்கூடாதுன்னு ஞானோபதேசத்துல படிச்சிருக்கேன்.

இல்லாட்டி நான் ஏன் உங்ககிட்ட வர்றேன்?