தொப்புள்கொடி புதைத்த இடம்

மலேசியாவில், அசாம் ஜாவாவிலிருந்து கோலா சிலாங்கூர் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள். இளையவள் தன் மகளின் வீட்டுப்பாடத்தைப் பற்றி மூத்தவளிடம் கேட்டாள்.

“நேட்டிவ், இண்டிஜினஸ் ரெண்டும் ஒன்னுதானேக்கா?”

“இல்லலா. எல்லாருக்கும் முன்னாலேருந்தே இங்க இருக்கறவங்க இண்டிஜினஸ். இங்க பொறந்திருந்தாலே நேட்டிவ்தான்.”

“அப்ப நீங்க நேட்டிவ்.”

“என் தொப்புள்கொடிய எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் பின்னாலதான் பொதைச்சாங்க. இப்ப லயத்த இடிச்சிட்டு, கேட் போட்டு பங்களாவா கட்டிட்டாங்க. போன தீபாவளிக்கு அந்த எடத்தப் பாக்கப் போனேன்.”

“பாத்தீங்களா?”

“காவலுக்கு நின்ன நேப்பாளக்காரன் உள்ள விடல. எந்த ஊருன்னு கேட்டான். இந்த ஊருதான்னேன்.”

“அதுக்கு?”

“அப்ப எந்த வீடுன்னு கேட்டான்.”